நன்றி சொல்லி எடுத்துக்கொண்ட மேடு

இந்த ஊரில் ஒரு பொதுக் கழிப்பறையைத் திறப்பதென்றாலும் முதலில் அந்த மண்ணின் சொந்தக்காரர்களை வணங்கிவிட்டுத்தான் திறப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில், கடற்கரைப் பூங்காவில் நடந்த அப்படி ஒரு விழாவை நின்று வேடிக்கை பார்த்தேன். கட்டியது கவுன்சில், நம் நகராட்சி மாதிரி. மேயரம்மா மைக்கைப் பிடித்து, "இந்த நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களான அபாரிஜினல் மக்களுக்கும் அவர்களுடைய மூத்தோருக்கும் என் மரியாதையைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றார். உரிமையாளர்கள் எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் வந்திருக்கவில்லை. ரிப்பனை வெட்டினார்கள். எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். பறிகொடுத்தவனின் பெயரைச் சபையில் சொல்லும் தேசம் என்று எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது. ஊருக்குப் போன் செய்து சொன்னேன்.

சில வருடங்கள் கழித்து, இதே கவுன்சில் அபாரிஜினல் மக்களோடு நல்லிணக்கம் காண்பதாக உறுதிமொழி எழுதி, கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, அலுவலக வாசலில் மாட்டியது. அதற்கென ஒரு குழு அமைத்தார்கள். புலம்பெயர்ந்தோர் சார்பில் என்னையும் அழைத்தார்கள். குழுவில் அந்த மண்ணுக்கே உரியவர் ஒருவர்தான்: ஜீன் ஆன்ட்டி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அபாரிஜினல் மக்கள் தங்கள் மூத்த பெண்களை ஆன்ட்டி என்றே அழைப்பார்கள்; நம் வாயில் அது சுலபமாக வந்துவிடும். டீ குடித்தபடி பேசும் அந்தக் கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு சிப்பி மேடு இருக்கிறது. அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் சுட்டுத் தின்று போட்ட சிப்பிகள், கரிய மண்ணோடு இறுகிக் கிடக்கும் மேடு. படகு வைத்திருப்பவர்களுக்குக் கார் பார்க் போட, கவுன்சில் அதைச் சமன் செய்யப் பார்த்தது. அதைத் தொடாதீர்கள் என்றார் ஜீன் ஆன்ட்டி.

நான் எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரன். எங்கள் ஆற்றில் வலை போட முறை உண்டு. அதைப் பாடு என்போம். இன்று இந்த இடம் இன்னாருடைய பாடு என்றால் வேறொருவன் அங்கே வலை இறக்கமாட்டான். தகராறு வந்தால் ஊர் கூடும். நாட்டார் என்று நாங்கள் அழைக்கும் ஊர்த்தலைவர், அன்றைய பாடு யாருடையதோ அவருடைய பெயரை முதலில் சபையில் சொல்வார். அந்த ஆள் எழுந்து வாயைத் திறக்கும்வரை வேறு பேச்சே கிடையாது. சிலர் வேண்டுமென்றே வெற்றிலையை மென்றுகொண்டு ஊரையே காக்க வைப்பார்கள். "இன்னா கோயிந்தா, சபை காத்துகினு கீது, வாய்ல கொயக்கட்டயா?" என்று யாராவது சத்தம் போடுவார்கள். ஆனாலும் காத்திருப்பார்கள். பெயரைச் சொல்லிவிட்டு அவனைக் கேட்காமல் முடிவெடுத்த சபையை நான் பார்த்ததில்லை.

கார் பார்க்கை முடிவு செய்யும் கூட்டம் கவுன்சில் மண்டபத்தில் நடந்தது. மேயரம்மா வழக்கமான வணக்கத்தை வாசித்தார். கழிப்பறை விழாவுக்கு உரிமையாளர்கள் வரவில்லை. இங்கே ஜீன் ஆன்ட்டி முன்வரிசையில் இருக்கிறார். ஆகவே அடுத்து அவர்தான் பேசுவார் என்று நிஜமாகவே நம்பினேன். மேயரம்மா தாளைப் புரட்டி முதல் தீர்மானத்துக்குப் போனார். நான் கை தூக்கினேன்.

"மன்னிக்கவும், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை."

"யார்?"

"உரிமையாளர்கள். இப்போதுதானே பெயர் சொன்னீர்கள்."

மண்டபம் சிரித்தது. மேயரம்மா சிரிக்கவில்லை, ஆங்கிலம் தெரியாதவனிடம் பேசுவதைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அது மரியாதைக்காகச் சொல்வது. கேள்வி அல்ல."

ஜீன் ஆன்ட்டி எழுந்தார். "கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். பதில் இதுதான்: வேண்டாம்."

"உங்கள் கருத்தை மிகுந்த மதிப்போடு பதிவு செய்கிறோம்" என்றார் மேயரம்மா. கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. கார் பார்க்கின் நுழைவாயிலில் அந்த மக்களின் பெயரைச் சொல்லும் பித்தளைப் பலகை ஒன்று வைக்கவும் முடிவாயிற்று. அதற்குக் கைதட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் ஆற்றோரம் ஓர் அனல்மின் கம்பெனி வந்தபோதும் இப்படித்தான் ஓர் அதிகாரி குப்பத்துக்கு வந்தார். நாங்கள் கடலின் பிள்ளைகள் என்று பேசி, நாட்டாருக்குப் பொன்னாடை போர்த்தினார். பின்வரிசையில் நின்றிருந்த என் நைனா, "போத்துறது ஜோராத்தான் கீது. பொணத்துக்கும் இப்டித்தான் போத்துவானுங்க" என்றார். அதன் பிறகு ஆற்றில் சாம்பல் வந்தது. இறால் பிடிக்க இறங்கினால் முழங்கால் வரை சேறு. அங்கே கத்த முடிந்தது. சாலையை மறித்தோம், அடி வாங்கினோம். இங்கே கத்தவும் வழியில்லை. மரியாதையோடு பிடுங்குகிறவனிடம் கோபப்பட்டால் கோபப்படுகிறவன்தான் மரியாதை தெரியாதவன். இந்தத் தேசத்திடம் நான் கற்றுக்கொண்டவற்றில் இதைவிடக் கேவலமானது வேறில்லை.

இங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் செல்வராஜிடம் கொட்டித் தீர்த்தேன். தூத்துக்குடிக்காரர், முன்பு ராயபுரத்தில் மொத்த வியாபாரம் செய்தவர். பருப்பை நிறுத்துக்கொண்டே கேட்டார்: "நமக்கு எதுக்கு அண்ணாச்சி இந்த வேண்டாத சோலி? நாமளே பொழைக்க வந்தவங்க. ஞாயித்துக்கெழம மீன் புடிக்கப் போனா வண்டிய விட எடமில்லன்னு நீங்கதான பொலம்புனிய? இப்ப எடம் வந்தாச்சு, போயி ஜம்முனு விடுங்க." பருப்பை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

தார் காய்ந்து வெள்ளைக் கோடுகள் போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உப்புத் தண்ணீரும் சேறும் கலந்த அந்த வாடை இந்த ஊரில் வேறெங்கும் கிடையாது. அதை முகராமல் எனக்கு வாரம் முடிவதில்லை. எல்லாக் கட்டங்களிலும் வண்டிகள். தண்ணீரை ஒட்டிய ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் காரில்லை. அதன் நடுவில் மடக்கு நாற்காலி போட்டு, பக்கத்தில் வாளியை வைத்து, ஜீன் ஆன்ட்டி தண்ணீரில் தூண்டில் போட்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கோபமில்லாமல், நிதானமாகக் கேட்டார்: "நீ வண்டியை இங்கே விடணுமா?"

என் கால் பிரேக்கில் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்து நின்ற கார் ஹார்ன் அடித்தது.