வேர்வையை நடிக்க முடியாது

சில ஆண்டுகளுக்கு முன், மழை விடாத ஒரு டிசம்பரில், பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களாவில் நடந்தது இது. நான் கீழே ஈப்போ நகரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எனக்கும் என் சகாக்களுக்கும் பாடம் நடத்தத் தெரிகிறதா என்று நிர்வாகத்துக்குத் தாமதமாக ஒரு சந்தேகம் வந்து, எங்களைப் பயிற்சிக்காக மலையேற்றியது. மருத்துவம் தெரிந்தால் போதாது, கற்பிக்கவும் தெரிய வேண்டுமாம். நியாயம்தான். நான் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

காலையில் சொல்லித் தந்த முக்கியப் பாடம்: மாணவரிடம் கேள்வி கேட்டால் பதிலை நாமே அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தில்தான் அவர் சிந்திப்பார். யாரையும் பேசவிட்டே பழக்கமில்லாத எங்கள் துறைத் தலைவர் அதைப் பக்தியோடு கேட்டுக்கொண்டார்.

அடுத்து ஒத்திகை. துறைத் தலைவர்தான் ஆசிரியர். புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் பெண் மருத்துவர், வாயே திறக்காத மாணவியாக நடிக்க வேண்டும். நெஞ்சுவலி நோயாளியாக யார்? என் வயிற்றையும் வழுக்கையையும் பார்த்து ஒருமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, கற்பிக்கும் விதத்தைக் கவனித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதாவது, அறையில் அத்தனை கண்களும் ஆசிரியர் மேல். நோயாளியைப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

நான் சும்மா இருப்பேனா? நீண்ட மேசையில் படுத்ததும், "ஐயோ டாக்டர், நெசமாவே முடியல லா! நடிப்பு இல்ல, சாமி சத்தியமா!" என்று கத்தினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவருக்கு இன்னிக்கு அவார்டு குடுத்துரலாம்" என்றார் துறைத் தலைவர்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, வழியில் வாங்கிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைக் காரிலேயே சாப்பிடலாம் என்றிருந்தேன். மலைப்பாதையின் வளைவுகள் குடலைப் பிழிந்ததில் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. வந்து சேர்ந்த பிறகும் குமட்டல் அடங்கவில்லை. மாத்திரை போட்டால் சாப்பிடாமல் இருக்காதீர்கள் என்று நோயாளிகளிடம் தினமும் ஓதுகிறவன் நான்.

ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கூரைச் சட்டங்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. கை நடுங்கியது. நெஞ்சு படபடத்தது. சர்க்கரை இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை. "நெசமாவே... முடியல" என்று குழறினேன். மறுபடியும் சிரிப்பு. துறைத் தலைவர் என் பெயரைக் கேட்டார். வேடத்தின் பெயரும் வரவில்லை, சொந்தப் பெயரும் வரவில்லை.

"வசனத்த மறந்துட்டாரு" என்றார் யாரோ.

இங்கேயே செத்துப்போனால் அதற்கும் கைதட்டுவார்களே என்ற பயம்தான் முதலில் வந்தது. மனைவியின் ஞாபகம் அதற்கு அப்புறம்தான்.

அந்த இளம் மருத்துவர் நாடி பார்க்க என் கையைப் பிடித்தார். அவர் முகம் மாறியது. "டாக்டர், கையெல்லாம் ஈரமா இருக்கு. ரொம்ப வேர்க்குது."

துறைத் தலைவர் மலர்ந்துபோனார். "வெரி குட்! வேர்வைக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்? நல்லா யோசிங்க."

சொல்லிவிட்டு, காலையில் படித்தபடி, வாயை மூடிக்கொண்டார். அறையே வாயை மூடிக்கொண்டது. இத்தனை மருத்துவர்கள் சேர்ந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய பொறுமையை மெச்சி ஒருவர் தலையாட்டுவது மங்கலாகத் தெரிந்தது. அந்த மௌனத்துக்குள் நான் மூழ்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் வேலையை நிரந்தரமாக்க வேண்டியவரிடமே, அத்தனை பேர் முன்னால், ஒத்திகையை நிறுத்தச் சொல்ல வேண்டும். தன் கணிப்பு தவறினால் கல்லூரி முழுக்கக் கேலிதான். ஆனாலும் என் கையை அவர் விடவில்லை.

"டாக்டர், நான் இந்த மலையில பொறந்தவ. இந்தக் குளிர்ல சும்மா படுத்திருக்கிறவருக்கு வேர்க்காது. வேர்வைய யாரும் நடிக்க முடியாது லா! நிறுத்துங்க!"

பிறகு என் பக்கம் குனிந்தார். "அண்ணே, சாப்பிட்டீங்களா? சர்க்கரைக்கு மாத்திரை போடுறீங்களா?"

அதுவரை அவருக்கு நான் டாக்டர்தான். நான் தலையாட்டினேனா, தலை தானாக ஆடியதா தெரியாது.

"தூக்கி உக்கார வைங்க!" என்று துறைத் தலைவரையே அதட்டிவிட்டு ஓடினார். அவரும் மறுபேச்சில்லாமல் என்னைத் தாங்கிக்கொண்டார். அவர் கொண்டுவந்த, கெட்டிப்பாலும் சீனியும் கரைத்த தேநீர் மடக்கு மடக்காக உள்ளே போனது. யாரோ காரிலிருந்து கொண்டுவந்த சர்க்கரைக் கருவி என் விரலைக் குத்தி அளவைக் காட்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

நிதானம் திரும்பியதும் துறைத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் காத்துக்கிட்டு இருந்தேன்யா" என்றார்.

"நல்லாவே காத்திருந்தீங்க சார். முழு மார்க்கு."

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்தான், "இனிமே காமெடி பண்றதுக்கு முன்னாடி பசியாறிட்டு வாங்கண்ணே" என்றார். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் வார்டில் மாணவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்; நல்ல முறைதான் அது. ஆனால் அந்த மௌனத்தில் என் விரல்கள் நோயாளியின் கையைப் பிடித்தபடியே இருக்கும், ஏனென்றால் நாங்கள் யோசித்து முடிக்கும்வரை தாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர்தான்.