கீறல் ஜாடிகள்

கச்சேரி தொடங்கப் போகிற நேரத்தில் மேடைக்குப் பின்னால் பீங்கான் உடையும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அஞ்சலை ஒரு ஜாடியைக் குப்பைத்தொட்டியில் போட்டு நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"தட்டிப் பாத்தேன் சார். கீறல் வுட்டதெல்லாம் கலந்து கெடந்துது. நல்ல வேளை, பாத்தேன். எல்லாத்தையும் ஒடைச்சிட்டேன்."

குப்பைத்தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். கீறல் ஜாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் நாங்கள் சிலர் லாப நோக்கமில்லாத ஒரு கலை மையம் நடத்தினோம். பீங்கான் கம்பெனியில் பயன்படாமல் மூடிக் கிடந்த ஒரு ஷெட்தான் அரங்கம். புது மாதிரி ஓவியம், புது மாதிரி இசை என்று வருஷா வருஷம் விழா. நான் மேடை நிர்வாகி. 'உழைப்பாளிகளின் மையம்' என்று நோட்டீஸில் தவறாமல் போடுவோம். கூட்டவும் துடைக்கவும் ஆள் வேண்டுமென்றால்தான் அந்த உழைப்பாளிகள் நினைவுக்கு வருவார்கள்.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து லூர்துசாமி என்ற கலைஞர் வந்திருந்தார். ஜாடி, பைப், இன்சுலேட்டர் இவற்றைத் தட்டியே இசை. நல்ல ஜாடி கணீரென்று பேசும். கீறல் விட்டது 'டொக்' என்று அடங்கும். அவருக்கு இரண்டும் வேண்டும். கீறல் ஜாடிகளைச் சூளை சூளையாக அலைந்து அவரே பொறுக்கியிருந்தார்.

அஞ்சலை பீங்கான் கம்பெனியில் சார்ட்டிங் பார்ப்பவர். சூளையிலிருந்து வருவதைத் தட்டிப் பார்த்து, கீறல் விட்டதை அங்கேயே உடைத்துவிட வேண்டும். நல்ல சரக்கோடு கலக்கக் கூடாது. அது அங்கே கறாரான வழக்கம். விழா வேலைக்குக் கூப்பிட்டு, "தொடைச்சி அடுக்கிடுங்கம்மா" என்றதைத் தவிர அவரிடம் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நடந்ததைச் சொன்னதும் லூர்துசாமிக்கு முகம் சுண்டிப்போனது. "அந்தம்மாவ ஒண்ணும் சொல்லிடாதீங்க. இருக்கறத வெச்சி வாசிக்கிறேன்" என்றார்.

கீறல் ஜாடி ஒலிக்க வேண்டிய இடங்களில் கையை ஓங்கிக் காற்றிலேயே நிறுத்தினார். முன்வரிசைப் பெரிய மனிதர்கள் அதையும் புதுமை என்று கைதட்டினார்கள். "மௌனத்தையே வாசிச்சிட்டாருய்யா!" என்று எங்கள் தலைவர் என் தோளைத் தட்டினார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

முடிந்ததும் அஞ்சலை, கூட வேலை செய்யும் பெண்களோடு வந்தார். "பாத்தீங்களா சார்? ஒரு கீறல் சத்தம் கூட காதுல வுழல" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

"ஆமாம்மா" என்றேன். தலை நிமிரவில்லை.

யாரோ பிறகு அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த விழாவுக்குக் கூப்பிட அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றார்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே நல்ல கீறலா பொறுக்கியாந்து குடுத்திருப்பேனே சார்" என்றார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வரவும் இல்லை.

அதற்குப் பிறகு, என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று சொல்லி, அதை ஒரு முறை காதால் கேட்கவும் வைக்காமல் யார் கையிலும் நான் துடைக்கிற துணியைக் கொடுத்ததில்லை.