தங்கராசு இழந்த தள்ளுபடி

இன்சூரன்ஸ்காரனைத் தெருமுனையில் கண்டாலே ஜனங்கள் சந்துக்குள் நுழைந்துவிடுவார்கள். அந்த அவமானத்தைப் பட்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள், அதனால் சொல்ல வெட்கமில்லை. மலாக்கா டவுனில் கார் இன்சூரன்ஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். சண்டை வந்து வெள்ளைக்காரன் ஓடிப்போனதும், ஜப்பானியக் கம்பெனி ஒன்று வந்து என்னை அதே நாற்காலியில் உட்கார வைத்தது. முதலாளிதான் மாறினார். வாங்குகிற திட்டு மாறவில்லை.

ஆடு முட்டிய கார்

எங்கள் சட்டம் சின்னதுதான். வருஷம் முழுக்க கிளைம் கேட்காதவருக்கு அடுத்த வருஷம் பிரீமியத்தில் தள்ளுபடி. வருஷம் ஏற ஏற அதுவும் ஏறும். தப்புச் செய்த ஆளைக் காட்டாமல் ஒரே ஒரு கிளைம் கேட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் சின்ன அடிக்கு யாரும் எங்களிடம் வரமாட்டார்கள். தகரம் தட்டுகிறவனிடம்தான் போவார்கள்.

துணிக்கடை ராவுத்தரின் காரைப் புக்கிட் ரம்பாயில் ஒரு கிடா முட்டிக் கதவை நசுக்கிவிட்டது. "கிளைம் கேளுங்களேன் ராவுத்தரே" என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மனுஷர் அலறிவிட்டார்: "கிடா முட்டினது கதவைத்தான் தம்பி, என் தள்ளுபடியை முட்ட நீ ஏன் வர்றே?"

கார் இல்லாத கார்க்காரர்

பிறகு அந்தக் காரையே ஜப்பான்காரன் பட்டாளத்துக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆறுதல் சொல்லப் போனேன். எனக்குக் கோப்பி கொடுத்துவிட்டு, "வண்டி போகட்டும், என் தள்ளுபடி இருக்கா?" என்று கேட்டார். அட ஆண்டவா! கார் இல்லாமல் தள்ளுபடி எதற்கு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வண்டிய எடுக்க லாரி வந்துச்சு. ஒழுங்கா ஓட்டினேங்கிற பேரை எடுக்க எந்த லாரி தம்பி வரும்?"

செங் ரோட்டுத் தென்னை

காஜா பேராங்கில் வாடகைக் கார் ஓட்டிய தங்கராசு என் கண்ணுக்கு ராஜாதான். பெட்ரோல் கிடைக்காத காலம். காருக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு, அதன் வாயுவில் புகை கக்கக் கக்க ஓட்டுவார். கிளைம் என்ற பேச்சே அவர் வாயில் வந்ததில்லை, முழுத் தள்ளுபடிக்காரர். அது இருந்ததால்தான் அவரால் பிரீமியம் கட்ட முடிந்தது. பிரீமியம் கட்டாவிட்டால் பெர்மிட் இல்லை, பெர்மிட் இல்லாவிட்டால் குடும்பத்துக்குச் சோறு இல்லை.

அந்தக் கார் ஒரு நாள் காலையில் மூக்கு நசுங்கி எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. ரேடியேட்டரே உடைந்துவிட்டதால் தகரம் தட்டுகிறவனால் ஆகாது, கிளைம் கேட்டே தீரவேண்டும். என்னை வெளியே அழைத்து நடந்ததைச் சொன்னார். நம் சாமியைக் கும்பிட்டாலும் மலாய் பேசுவார்களே, மலாக்கா செட்டிகள், அந்த ஜனத்தில் ஒரு அம்மா செங் ரோட்டில் கூடையோடு திடீரென்று குறுக்கே ஓடி வந்திருக்கிறது. இவர் ஒடித்துத் திருப்ப, கார் தென்னையில் மோதிவிட்டது. அந்தம்மாவின் கூடை கவிழ்ந்து, மரவள்ளி இலைக்கு அடியிலிருந்து கொட்டியது அரிசி. கள்ள அரிசி! ஜப்பான்காரனிடம் பிடிபட்டால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "ஜாங்கான் சாகாப், பாங்" என்று அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டதாம், யாரிடமும் சொல்லாதீர்கள் அண்ணே என்று.

"அந்தம்மா பேரைச் சொல்லுங்கள், தப்பு உங்கள் மேல் இல்லை என்றாகிவிடும், தள்ளுபடி அப்படியே நிற்கும்" என்றேன். சொன்னால் மேனேஜர் ஆள் அனுப்பி விசாரிப்பார், ஏன் ஓடினாய் என்று கேட்டால் அரிசி வெளியே வரும். அது எனக்கும் தெரியும், ஆனாலும் இவர் குடும்பம் என் கண் முன்னால் நின்றது. தங்கராசு யோசிக்கவே இல்லை. "எழுதுங்க கிராணி. தங்கராசு தூங்கிக்கிட்டே ஓட்டினான், மரத்துல விட்டான்."

தையல் மிஷின்

பிரீமியம் கட்டும் நாள் வந்தது. தூங்குமூஞ்சி, பொறுப்பில்லாதவன் என்று எல்லார் முன்னாலும் மேனேஜர் கிழித்தார். தங்கராசு தலை குனிந்து நின்றார். தள்ளுபடி இல்லாத முழுப் பிரீமியத்தையும் கட்டினார், மனைவி பாக்கியத்தின் தையல் மிஷினை விற்று. பாக்கியமும் பக்கத்தில்தான் நின்றார்.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இந்த மனுஷன் ஊருக்கு நல்லவராக இருக்க உங்கள் மிஷின் போக வேண்டுமா? நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?" என்று கத்தியே விட்டேன். பாக்கியம் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் எங்கய்யா தடுக்க? நானும்தான் வண்டியில இருந்தேன். இவரு அந்தம்மாவத் தூக்கி விட்டாரு, கொட்டின அரிசிய நான்தான் அள்ளிக் கூடையில போட்டேன். அன்னைக்கு எங்க வீட்டுல மரவள்ளிக் கிழங்குதான்."

காரை மோதாதவருக்கெல்லாம் வருஷா வருஷம் தள்ளுபடி தந்த எங்கள் தொழிலில், செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொண்டவருக்குத் தர திட்டைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.