விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவர்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், மொன்றியலில் நடந்தது இது. மாசி மாதம். பனி கொட்டித் தள்ளி, தெருவோரக் கார்கள் எல்லாம் மேடுகளாகக் கிடந்த காலம்.

அப்போது நாங்கள் பார்க் எக்ஸ்ரென்சனில், மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அப்பாட்மென்றில் இருந்தோம். நான், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். கனடாவுக்கு வந்த நாளில் இருந்து நான் ஒரே உடுப்புத் தொழிற்சாலையில்தான் வேலை செய்தேன். தைத்து வருகிற சட்டைகளை அழுத்தி மடிக்கிற வேலை. அந்த வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார்கள். வேலையில்லாக் காப்புறுதிக் காசு கொஞ்ச மாதம் வந்தது. அதுவும் முடிந்த பிறகு, வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற வெல்பெயர் உதவிக்குப் போனேன்.

வெல்பெயர் எடுப்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கோயிலில் பூசை முடிந்து யாராவது "எப்பிடி வேலை?" என்று கேட்டால், "போகுது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ஆனால் எங்களுக்கு அது தேவையாக இருந்தது. இளைய மகளுக்குக் கடுமையான இழுப்பு, ஆஸ்துமா. குளிர்காலத்தில் பம்ப் இல்லாமல் அவளால் இரவில் படுக்க முடியாது. உதவி எடுக்கிற குடும்பங்களுக்கு மருந்து இலவசமாகக் கிடைத்தது. அதனால்தான் வெல்பெயர் அலுவலகமான கந்தோரில் இருந்து என்னைக் கூப்பிட்டு, வேலைக்குத் திரும்பும் திட்டத்தில் கட்டாயம் சேரவேண்டும், சேராவிட்டால் உதவி வெட்டப்படும் என்று சொன்னபோது, நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதலில் வகுப்பு. ஒரு பழைய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் வட்டமாக இருத்தினார்கள். எங்களுடைய திறமைகள் என்ன என்று பிரெஞ்சில் சொல்லச் சொன்னார்கள். இலத்தீன் அமெரிக்காவில் இருந்து வந்த ஒருவர், முழங்கால் தேய்ந்து போனவர், "நான் நிண்டு வேலை செய்ய ஏலாது, அதை இந்தப் படிவத்தில் எந்தப் பெட்டியில் எழுதுவது?" என்று கேட்டார். கியூபெக்காரர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், தனக்கு இனி யார் வேலை தரப்போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். வகுப்பு நடத்திய இளம் பெண் நல்ல பிள்ளைதான். அதுக்கும் பதில் தெரியாது, அவ்வளவுதான். தேநீர் நேரத்தில் நாங்கள் கதைத்ததெல்லாம் ஒன்றைத்தான்: யாருக்கு வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வராமல் விட்டால் என்ன நடக்கும்.

வகுப்பு முடிய என்னை 'அனுபவம் எடுக்க' டோர்வலுக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய லோன்ட்ரி, சலவைத் தொழிற்சாலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் விமானப் போர்வைகளும் அங்கேதான் வந்து குவியும். சம்பளம் இல்லை. உதவிக் காசு தொடர்ந்து வரும், அதுதான் சம்பளம். ஆனால் நன்றாகச் செய்தால் அங்கேயே வேலைக்கு எடுப்பார்கள் என்று சொன்னார்கள். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் விடியுமுன் எழும்பி, மெற்றோவும் இரண்டு பஸ்ஸும் மாறிப் போனேன்.

உள்ளே போனால் வெளியில் பனிக்காலம் என்பதே மறந்துவிடும். அப்படி ஒரு வெக்கை. தோய்த்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் பிடித்து, சூடான உருளைகளுக்குள் கொடுக்கவேண்டும். அது அழுத்தி மற்றப் பக்கத்தால் தள்ளும். என்னோடு மறுமூலையைப் பிடித்தவர் ஹெயிற்றி நாட்டுப் பெண்மணி ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். நல்ல உயரம். தலைக்கு எப்போதும் ஒரு துணி கட்டியிருப்பார்.

முதல் நாள் "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். அவர் விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் சொன்னேன். அதே கதைதான். நாள் முழுக்கத் தோளோடு தோள் நிற்கிறோம், ஒரே துணியைப் பிடிக்கிறோம், ஒரு சொல் இல்லை. என் நிறமோ, என் பிரெஞ்சோ, ஏதோ ஒன்று அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். களைத்த மனதுக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

எனக்குத் துணியோடு பழகின கை. கெதியாகச் செய்தேன். சூப்பர்வைசர் வந்து முதுகில் தட்டி, நல்லது நல்லது என்றார். நானும் இன்னும் கெதியாகச் செய்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "எடுப்பாங்கள் போலை கிடக்கு" என்றேன். அவளும் மூத்த மகளைக் கூப்பிட்டு, அப்பாவுக்கு வேலை கிடைக்கப் போகுது என்று சொல்லிவிட்டாள்.

அந்த லோன்ட்ரியில் லொறி ஓட்டுகிற யாழ்ப்பாணப் பெடியன் ஒருவன் இருந்தான். ஒருநாள் பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் வந்தான். சொல்லலாமா விடலாமா என்று சப்பாத்தால் பனியைத் தட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் ஏன் இப்பிடி ஓடி ஓடிச் செய்யிறியள்?"

"வேலை எடுக்கவேணும் தம்பி."

"இஞ்சை ஒருத்தரையும் எடுக்க மாட்டாங்கள் அண்ணை. உங்களுக்கு முதலும் ஆக்கள் வந்தவை. தவணை முடிய அனுப்பிப் போட்டு அடுத்த ஆளைக் கேப்பாங்கள். சும்மா வாற ஆள் இருக்கேக்கை ஆர் காசு குடுத்து வைப்பாங்கள்? உங்களோடை நிக்கிற மனிசிக்கு அஞ்சு நாள் வேலை இருந்தது. நீங்கள் வந்தாப் பிறகு மூண்டு நாளாக்கிப் போட்டாங்கள்."

பஸ் வந்தது. நான் ஏறி இருந்தேன். கண்ணாடியில் நீராவி படர்ந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்மணி ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் விளங்கியது.

மனைவியிடம் சொன்னேன். அவள் எனக்குச் சோறு போட்டாள். பிறகு, "பாவம்தான். ஆனா நீங்கள் நிப்பாட்டினா எங்கடை காசை வெட்டுவாங்கள். பிள்ளையின்ரை மருந்துக்கு எங்கை போறது? பேசாமப் போட்டு வாங்கோ" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. சரியும் இல்லை. எங்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பு இருக்கவில்லை.

அடுத்த நாள் மெதுவாகச் செய்து பார்த்தேன். மதியத்துக்கு முன்பே சூப்பர்வைசர் வந்து, "என்ன நடந்தது உனக்கு? உன்னைப் பற்றி நான் கந்தோருக்கு எழுத வேணும், தெரியும்தானே" என்றார். மிரட்டுகிற மாதிரியும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மறுபடி வேகமாகச் செய்யத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பாமல் விரிப்பையே பார்த்தேன்.

அந்தக் கிழமையே ஒரு நாள் அது நடந்தது. விரிப்பின் ஓரம் சுருண்டு உருளைக்குள் போனது. அதை இழுத்து நேராக்கக் கையை நீட்டினேன். என் சட்டைக் கை விரிப்போடு சேர்ந்து போய்விட்டது. விரல் உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற காப்புத் தகடு ஒன்று அதில் இருக்கவேண்டும். அது அடிக்கடி நின்று வேலையைக் கெடுக்கிறது என்று யாரோ கம்பியால் கட்டி மேலே தூக்கி வைத்திருந்தார்கள். அது பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் விரல்களில் பட்ட சூடு மட்டும்தான். கத்தினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

அந்தப் பெண்மணி கையில் இருந்த விரிப்பை விட்டுவிட்டுப் பாய்ந்து, மெஷினின் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தார். உருளை நின்றது. என் பின்னால் வந்து, இடுப்பில் ஒரு கையைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையைத் தூக்குகிற பிடியைத் திருப்பி என் கையை வெளியே எடுத்தார். விரல்களும் புறங்கையும் வெந்து தோல் சுருண்டிருந்தன. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் எனக்கு இன்று வலது கை இல்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஒரு களிம்பைக் கொடுத்து, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, "நீ எங்களுடைய ஆள் இல்லை. கந்தோருக்குச் சொன்னால் உனக்குத்தான் கரைச்சல்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் நான் தலையாட்டினேன்.

அந்தப் பெண்மணி தலையாட்டவில்லை. தன் ஏப்ரனைக் கழற்றி மெஷின் மேல் எறிந்தார். தன்னுடைய குளிர்ச்சட்டையை எடுத்து என் தோளில் போட்டார். சூப்பர்வைசர் ஏதோ சத்தம் போட, திரும்பிக்கூடப் பார்க்காமல் லொறிக்காரப் பெடியனைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அவனும் பாதி ஏற்றிய துணிகளை அப்படியே விட்டுவிட்டு லொறியை எடுத்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் கையைப் பார்த்துச் சுற்றிவிட்டு, டொக்டருக்காகக் காத்திருக்கச் சொன்னார்கள். மொன்றியலில் ஆஸ்பத்திரி என்றால் காத்திருக்கிறதுதான். பின்னேரம் ஆகிவிட்டது. பெடியன் போய்விட்டான். அவர் போகவில்லை. அன்றைய சம்பளம் அவருக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் பழகிய என் அரைகுறைப் பிரெஞ்சில் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னேன்: "மடாம், உங்கடை வேலை நாள்களை நான் எடுத்துப் போட்டன். எனக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக.

"மிஸ்யூ, நீங்கள் எதை எடுத்தீர்கள்? உங்களுக்குத்தான் அவர்கள் ஒன்றும் தரவில்லையே."

"அப்ப ஏன் என்னோடை கதைக்கேல்லை?"

சுவரில் இருந்த ரீவிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார். அவர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன். "கதைத்தால் உங்களுக்குப் பிள்ளைகள் இருப்பது தெரியவரும். அவர்களின் பெயர் தெரியவரும். பிறகு எனக்குக் கோபம் வராது. நீங்கள் வந்த நாளில் இருந்து அந்தக் கோபத்தில்தான் நான் எழும்பி வேலைக்கு வந்தேன்."

அதற்குப் பிறகு என் பிள்ளைகளின் பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், இரண்டு தடவையும் பிழையாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. கை நோகிறது என்று நினைத்து அவர் நேர்சைக் கூப்பிடப் போனார்.

அடுத்த பயம் கந்தோர். இனி லோன்ட்ரிக்குப் போகமாட்டேன் என்றால் உதவியை வெட்டுவார்கள். போவதென்றால் இந்தக் கையோடு எப்படி? அவர் தானும் என்னோடு கந்தோருக்கு வருவதாகச் சொன்னார். உங்களுக்கு வேலை இருக்குமே என்றேன். "எனக்கு இப்போது லீவு நாள் அதிகம்தானே, மிஸ்யூ" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் களைத்துப் போய், நெடுநேரம் பயந்து இருந்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது.

சொன்னபடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு மாதிரி நல்ல உடுப்புப் போட்டு, தொப்பியோடு வந்தார். என்னுடைய விஷயத்தைப் பார்த்த அதிகாரி இளம் பெண். மேசை நிறையக் கோப்புகள். கண்ணில் நித்திரை இல்லாத சோர்வு. நான் என்ன சொன்னாலும் முதலில், "ஆனால் திட்டத்தை நீங்கள் முடிக்கவேண்டும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி குறுக்கிட்டார். சத்தம் போடவில்லை. கட்டி வைத்திருந்த தகட்டைச் சொன்னார். ஒருவரும் எனக்கு மெஷினைப் பற்றிச் சொல்லித் தரவில்லை என்றார். எனக்கு முன்பு வந்து போனவர்களைச் சொன்னார். கடைசியில், "நீங்கள் இவருக்கு வேலை தேடிக் கொடுக்கவில்லை, மடாம். என்னுடைய வேலையைத்தான் இவரிடம் கொடுத்தீர்கள், சம்பளம் இல்லாமல்" என்றார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "முதலில் இருந்து மெதுவாகச் சொல்லுங்கள்" என்றார். அவரும் ஒரு மனிசிதான். எங்களைப் போலவே யாருக்கோ பதில் சொல்லவேண்டியவர். கைப்புண் ஆறும் வரைக்கும் என் உதவியை வெட்டமாட்டார்கள் என்றும், அந்த இடத்துக்கு இனி யாரையும் அனுப்பாமல் இருக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் சொன்னார். செய்தும் இருக்கிறார். எனக்குப் பிறகு அங்கே ஒருத்தரும் போகவில்லை என்று லொறிக்காரப் பெடியன் பிறகு சொன்னான்.

அந்தப் பெண்மணிக்கு ஐந்து நாளும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அழுத்தும் மெஷினில் அவரை விடவில்லை. ஊத்தைத் துணி பிரிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதுதான் அங்கே ஒருவரும் விரும்பாத இடம். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அதையும் பெடியன்தான் சொன்னான்.

கைப்புண் ஆறப் பங்குனி முடிந்துவிட்டது. பிறகு கோயிலில் ஒருவர் சொல்லி எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த கிழமை, மனைவி மீன் கட்லட் பொரித்தாள். நாங்கள் நாலு பேரும் மொன்றியல் நோர்த்தில் அவருடைய வீட்டுக்குப் போனோம். உறைப்பு அதிகம் என்று தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். இளையவளை மடியில் இருத்தி, அவளுடைய பெயரை மறுபடியும் பிழையாகச் சொன்னார். மகள் பிரெஞ்சில் திருத்திக்கொடுத்தாள்.

இப்போதும் நாங்கள் ரெலிபோனில் கதைப்போம், எப்போதாவது. வேலை இல்லாத சனத்தைப் பற்றி, சோம்பேறிகள், பிடித்துத் தள்ளினால்தான் வேலைக்குப் போவார்கள் என்று யாராவது கதைத்தால் நான் விவாதம் பண்ணுவதில்லை. எனக்கு அதற்குச் சொல்வளம் காணாது. ஆனால் எங்கள் இருவரையும் ஒரே இடத்துக்குப் போட்டியாக நிறுத்தியது நானும் இல்லை, அவரும் இல்லை என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியிருந்தது. அதனால்தான், என்னை வெறுக்க எல்லா நியாயமும் இருந்தும், அவர் தன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு ஆஸ்பத்திரிக் கதிரையில் என் பக்கத்தில் இருந்தார். இந்த நாடு எனக்கு எத்தனையோ வகுப்பு எடுத்தது, மனிசனாக இருக்கிறது எப்படி என்று அவர் ஒருவர்தான் எனக்குக் காட்டினார்.