மாகறல் கனகவல்லி

பெருநகர் தாண்டியதும் பேருந்தில் யாருடைய கைப்பேசியிலோ பழைய நாடகப் பாட்டு ஒலித்தது. பாட்டுக்காரம்மாவின் குரலேதான். ஜன்னலில் வயல்கள் மறைந்து, உத்திரமேரூரில் அவர் குடியிருந்த எங்கள் எதிர்வீட்டின் கிணற்றடி வந்து நின்றது.

மைக் இல்லாத மேடைகளில் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஈரக் கூந்தலில் சீயக்காய் மணக்கப் பாடி முடித்ததும், அவரே கிணற்றுக்குள் பார்த்துச் சொல்வார்: "மாகறல் கனகவல்லி!" கிணறு திருப்பிச் சொல்லும்.

"ஏம்மா, உன் பேர நீயே இன்னாத்துக்கு சொல்லிக்கினு கீறே?" என்பேன்.

"கிராமபோன் பிளேட்டுக்குப் பாடுனா, கடைசில பேரச் சொல்லணும்டி. இல்லாங்காட்டி யார் பாடுனதுன்னு எவனுக்குத் தெரியும்?"

கைப்பேசியில் பாட்டு முடிந்தது. பெயர் வரவேண்டிய இடத்தை எவனோ வெட்டியிருந்தான்.

பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: "மாகறல் கனகவல்லி!"