கோது விழுந்த இடம்

தவராசா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஃபாரஸ்ட் கேட்டில் என் கராஜில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். கையெல்லாம் கிரீஸ். போனை எடுத்தால் வதனி அக்கா. அவர் அழவில்லை. "தம்பி, அண்ணை போயிட்டார்" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "நீங்கள் சாப்பிட்டிட்டு ஆறுதலா வாங்கோ" என்றும் சொன்னார். கணவனை இழந்தவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்! வேனுக்கு அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன். வெளியே வர எனக்கு முகமில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு "அவரைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ" என்று அக்காதான் கேட்டார். அண்ணையோடு வேட்டைக்குப் போன ஒரே தமிழன் நான் என்பதால் கேட்டிருப்பார். நல்லது எழுதுவது லேசு. மற்றதையும் எழுதாமல் விட என்னால் முடியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய கதை தெரியும். டென்மார்க்கில் அகதியாக இறங்கி, இறைச்சித் தொழிற்சாலையில் நின்று, அந்த நாட்டு மொழியிலேயே வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே மனோர் பார்க்குக்கு வந்தவர். லிப்ட் திருத்தும் வேலை. வந்த கையோடு பொலிசிடம் வேட்டைத் துவக்கு லைசென்சுக்கு விண்ணப்பித்தார். "நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இந்த மனுசன் துவக்குக்குப் பின்னால ஓடுது" என்று நாங்களெல்லாம் சிரித்தோம். கோயிலில் அன்னதான வரிசையில் ஒரு பெரியவர் பிடித்துக்கொண்டார்: "முருகனைக் கும்பிட்டுக்கொண்டு மானைச் சுடுறீரே, நல்லாயிருக்கோ?" அண்ணை தட்டை நீட்டியபடியே சொன்னார்: "ஐயா, அவர் பொம்பிளை எடுத்ததே வேடர் வீட்டிலதானே. மாமனார் வீட்டில அவருக்கு மரக்கறியோ சமைச்சிருப்பினம்?" பெரியவர் சிரித்துவிட்டு, அடுத்த முறை தனக்கும் ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொன்னார்.

அவருடையது பழைய சுவீடன் துவக்கு. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு போல்ட் என்கிற இரும்புத் தண்டைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டும். போல்ட்டின் முகத்திலுள்ள கொக்கி, வெடித்து முடிந்த ரவையின் வெற்றுக் கோதைக் கவ்விக்கொண்டு வரும். பின்னால் அசையாமல் நிற்கிற ஓர் இரும்பு நாக்கில் அந்தக் கோது முட்டி, இழுக்கிற வேகத்துக்கு ஏற்ப வெளியே தெறிக்கும். "கோது விழுற இடத்தைப் பாரும் ஐசே, துவக்கின்ர சுகம் தெரியும்" என்பார்.

நான் துவக்கு வாங்கிய புதிதில் கோது வெளியே வராமல் சிக்கத் தொடங்கியது. நான் மெக்கானிக் அல்லவா! ஸ்பிரிங், ஊசி என்று எல்லாவற்றையும் கழற்றி மேசை முழுக்கப் பரப்பிவிட்டேன். அண்ணை வந்து பார்த்தார். "ஐசே, எஞ்சினை இறக்கிப்போட்டுத்தான் பெற்றோல் இருக்கோ எண்டு பார்ப்பீரோ?" என்று கேட்டுவிட்டு, தான் கொண்டுவந்த ஒரு பழைய பல் பிரஷ்ஷால் கொக்கிக்கு அடியில் அப்பியிருந்த கரியைத் தேய்த்து எடுத்தார். அதற்குப் பிறகு கோது பறந்தது. அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் ரவை, பிறகு அது இருக்கிற அறை, பிறகு கொக்கி, பிறகு நாக்கு. எல்லாம் சரியென்றால் கடைசியாக இழுக்கிற கை.

போன இலையுதிர் காலத்தில் கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் அவருடைய முதல் வெடி மானைக் காயப்படுத்திவிட்டது. போல்ட்டை இழுத்தார். கோது தெறிக்கவில்லை, துவக்குக்குள்ளேயே கிடந்தது. அடுத்த ரவை அதில் போய் முட்டி இறுகிக்கொண்டது. இரண்டாவது வெடியை நான்தான் வைத்தேன். ஓர் உயிரை வதைத்துவிட்டோம் என்று அவர் திரும்பி வரும் வழியெல்லாம் தன்னையே நொந்துகொண்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை ஷூட்டிங் கிளப்பில் அந்தத் துவக்கை அவருடைய ஒழுங்கின்படியே நான் பார்த்தேன். ரவை புதிது. அறை சுத்தம். கொக்கி கூர். நாக்கில் தேய்மானமில்லை. என் கையில் கோது நல்ல தூரம் பறந்து போய் விழுந்தது. அவர் சுட்டு இழுத்தபோது உருண்டு அவருடைய காலடியில் விழுந்தது. அவர் காணாத பிழையை நான் கண்டுவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஒரே புளுகம். "துவக்கில ஒண்டுமில்லை அண்ணை, பிழை உங்கட கையிலதான்! புதுப் பொம்பிளை தேத்தண்ணி நீட்டுற மாதிரி இழுத்தால் கோது பறக்குமே? படாரெண்டு இழுங்கோ!" என்றேன். அவரும் சிரித்தார். இன்னொரு தரம் இழுத்தார். திரும்பவும் காலடியில்தான். வலக்கையைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு, "வயது போச்சுது போல, ஐசே" என்றார். "ஓம், கிழவனாயிட்டியள்" என்றேன்.

பிளாஸ்க் மூடியைத் திறந்து தரச் சொன்னார். திறந்து கொடுத்தேன். தன்னுடைய காரை என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். தன் காரில் வேறு யாரையும் கைவைக்க விடாத மனுசன்! ஒரு கார் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தாலே காரணம் காணும்வரை எனக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு இறங்கியது.

தைப்பொங்கல் கழிந்த கையோடு அண்ணை குளியலறையில் விழுந்தார். தலைக்குள் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரி நடையில் வதனி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களுக்குத்தான் நன்றி சொல்லவேணும். கை விறைக்குது எண்டு மனுசன் சரியாப் பயந்துபோய் இருந்தவர். டொக்டரிட்ட அப்பொயின்ட்மென்டும் எடுத்து வைச்சனான். அண்டைக்குக் கிளப்பால வந்து, 'அவன் துவக்கையும் பார்த்து என்னையும் பார்த்திட்டான், வயதுதானாம்' எண்டு சிரிச்சுப்போட்டு அதை வேண்டாமெண்டிட்டார். பிறகு விழும்வரைக்கும் நிம்மதியா இருந்தவர்."

"ஓம் அக்கா" என்றேன். நேரத்தோடு காட்டியிருந்தால் தப்பியிருப்பாரா என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை. செத்தவீட்டில் பெட்டியருகே நின்றபோது அவருடைய வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சனம் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்திருக்கும்.

அவருடைய துவக்கை என் லைசென்சில் எடுக்கச் சொல்லி அவர் மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணையின் பொருளென்று என்னிடம் இருப்பது கரி பிடித்த அந்தப் பல் பிரஷ் மட்டும். அதோடு அவருடைய ஒழுங்கும் இருக்கிறது. போன கிழமை கராஜில் ஒரு கிழவர் சாவியைக் கீழே போட்டுவிட்டார். ஐயா, கையில் ஏதும் செய்கிறதா என்று கேட்டேன். குளிராம். அவர் சிரித்துக்கொண்டு போனார்.

அக்கா, நீங்கள் சொன்ன நன்றியை மட்டும் என்னால் வைத்திருக்க முடியவில்லை. அந்த அப்பொயின்ட்மென்டை நிறுத்தியது சிரித்துக்கொண்டு நான் விட்ட பகிடி. கோது அவருடைய காலடியில் விழுந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.