நான் திருப்பிய சுவிட்ச்

என் தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணப் படத்தைக் கிழித்தவன் நான். மெஷின் அல்ல... நான்! வேண்டுமென்றே கிழித்தேன்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் புரொஜெக்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பகலில் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுவேன். கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய எட்டு எம்.எம். மெஷின் அது, கூடவே ஒரு கேமராவும். எந்த வீட்டுக் கல்யாணமானாலும் நான்தான் படம் பிடிப்பேன். பொழுது சாய்ந்ததும் சுவரில் வேட்டியைக் கட்டி ஓட்டினால் தெருவே தன் முகத்தைப் பார்த்துக் கைதட்டும். இறந்துபோன தன் புருஷன் கோயில் படியிறங்கி வருவதைப் பார்க்கவென்றே பிலோமினாக்கா வருவாள். எத்தனை பெருமை எனக்கு! அதை இன்றும் மறைக்கமாட்டேன்.

அப்போதுதான் ஸ்டெல்லாவின் கணவன் அமலன் கப்பல் வேலையிலிருந்து புது மெஷினோடு வந்து இறங்கினான். சூப்பர் எட்டு! படம் பெரிதாக, பளிச்சென்று விழுந்தது.

"இனிமே கப்பலுக்குப் போமாட்டேன் மச்சான். இத்த வெச்சே பொழச்சிக்கினு வூட்டோட கீறேன்" என்றான். ஸ்டெல்லா பிள்ளைத்தாய்ச்சி. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

தெருவுக்கு ஒரே கேள்விதான். "எங்க பழைய படம் இதுல ஓடுமா?" என்றாள் பிலோமினாக்கா.

"சுவிட்ச திருப்புனா பழசும் ஓடும்க்கா" என்றான் அமலன்.

உண்மைதான். பழைய பிலிமின் ஓர ஓட்டைகள் பெரியவை, புதியதில் சிறியவை. அந்த சுவிட்ச் இரண்டுக்கும் வழிவிடும். எனக்குத் தெரியும்... நன்றாகவே தெரியும்!

ஓட்டிக் காட்ட ஸ்டெல்லா தன் கல்யாணப் படத்தையே தந்தாள். "நீயே மாட்டு மச்சான், ஒன்ன மாரி யாருக்கு வரும்?" என்றான் அமலன். மாட்டினேன். அவன் பழசுக்குத் திருப்பி வைத்திருந்த சுவிட்சைப் புதுசுக்குத் திருப்பினேன்.

மெஷினின் பல், பிலிமைக் கடித்துக் குதறியது. "ஐயோ, நிறுத்துண்ணே!" என்று அலறினாள் ஸ்டெல்லா. நிறுத்தினேன்... மெதுவாகத்தான் நிறுத்தினேன்.

பிலோமினாக்கா தன் படச்சுருள் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எம் புருசன் இன்னொரு தபா சாவணுமா? வேணாம்பா இந்த பேஜாரு!"

புதியது வந்தால் ஜனங்கள் ஏன் சட்டென்று வாங்குவதில்லை என்று நீங்கள் கேட்கலாம்... விலையா காரணம்? கையிலிருக்கும் முகங்களும் போய்விடுமோ என்ற பயம் ஐயா! அந்தப் பயத்துக்குத் தீனி போட்டவன் நான்.

ஒருவரும் அமலனைக் கூப்பிடவில்லை. மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மறுபடி கப்பலேறினான். போகும்போது, "நாந்தான் சுவிட்ச சரியா வெக்கல மச்சான்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டான். மகள் பிறந்தபோது அவன் எந்தக் கடலில் இருந்தானோ...

கிழிந்ததை நானே ஒட்டினேன். இன்றும் என் பழைய மெஷினில் அது ஓடுகிறது. தாலி கட்டும் இடத்தில் அமலன் ஒரு குதி குதித்து மறைகிறான். மகளை மடியில் வைத்துப் பார்க்கும் ஸ்டெல்லா சொல்கிறாள்: "நீ இல்லாங்காட்டி இதுகூட மிஞ்சியிருக்காதுண்ணே."

அதைக் கேட்கும்போது... வெட்கம் வரவேண்டாமா எனக்கு? பெருமைதான் வருகிறது!